தெற்கு எல்லையில் பூச்சி

மாட்டுப் பொங்கல் அன்று காலையில், நாங்கள் வாங்குவதாக இருந்த வீட்டின் கொல்லையில் ஓர் அம்மா துவைகல்லைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

குளிப்பாட்டுவது என்றால் சும்மா தண்ணீர் ஊற்றுவது இல்லை. தூக்குவாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, முந்தானையால் ஒற்றி எடுத்து, பிள்ளையின் காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி கல்லின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் பூசினார்.

நானும் கொத்தனார் ராசுவும் பின்வாசலில் நின்றோம். ராசு கையில் சுண்ணாம்புப் பொடி. என் கையில் டேப்பு. செப்டிக் டேங்குக்குக் கோடு போட வந்திருந்தோம். கோடு போட வேண்டிய இடம் அந்தக் கல் கிடந்த மூலையேதான்.

"யாருத்தா அது?" என்றான் ராசு.

அந்த அம்மா திரும்பிச் சிரித்தார். "வாங்க தம்பி. வீடு வாங்கப் போறது நீங்கதேனா? செத்த இருங்க. இவனுக்கு மாலையப் போட்டுட்டு வந்துர்றேன்."

ராசு என் காதுக்குள் கேட்டான்: "மாப்ள, எவனுக்குடா?"

கயல், பாண்டி, அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் மாமா வீட்டில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் இந்தக் கதை உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு நீங்களும் வீடு வாங்குவீர்கள். எதை எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்க நான் பக்கத்தில் இருப்பேனோ மாட்டேனோ.

பழங்காநத்தத்துத் தண்ணீர்

முதலில், ஏன் வீடு தேடினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

பழங்காநத்தத்தில் நாம் இருந்த போர்ஷன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாடியில் வீட்டுக்காரர், கீழே நாம். மோட்டார் சுவிட்சு மாடியில். உங்கள் அம்மா தலைக்குச் சீயக்காய் தேய்த்து நிற்கும்போதுதான் மேலே இருந்து சுவிட்சை அணைப்பார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "ஏங்க, ஊருக்கெல்லாம் மோட்டார் சரி பண்ணுறீங்க. நம்ம தலையில தண்ணி விழ வைக்க முடியலையே" என்று கத்துவாள். பக்கத்து போர்ஷனில் சிரிப்பார்கள்.

என் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, அதாவது கருகின கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பட்டறையில் சேர்ந்து கற்றுக்கொண்டது. பிறகு சொந்தமாக ஒரு சின்னக் கடை. கடைக்கும் வாடகை, வீட்டுக்கும் வாடகை. சொந்த வீடு என்று ஒன்று வந்தால் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, அங்கேயே காயில் கட்டலாம் என்பது என்னுடைய ஆசை. அம்மாவுடைய ஆசை, சுவிட்சு தன் கைக்கு எட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

அந்த வருசம் மாடி வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். சித்திரைக்குள் கீழ் போர்ஷன் வேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். அப்போதுதான் சமயநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இந்த வீடு விலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. தட்டு ஓட்டுத் தளம் போட்ட இரண்டு அறை, முன்னால் போர்வெல், பின்னால் கொல்லை, ஒரு முருங்கை மரம். கழிப்பறை மட்டும் இல்லை. கட்டிக்கொள்ள வேண்டும்.

விற்கிறவர் சோணைமுத்து அண்ணன். திருப்பூரில் மகனோடு தங்கிவிட்டவர். பேச்சில் தன்மையான மனுசன். முதல் தடவை வீடு பார்க்கப் போனபோது உங்கள் அம்மா கொல்லைக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். "ஏங்க, துவைக்கிற கல்லு கூடப் போட்டு வச்சிருக்காக. அம்புட்டு வழவழன்னு இருக்கு!"

சோணைமுத்து அண்ணன் அப்போது வாசலில் யாரோடோ போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கண்மாய்க்குள் ஒரு மனை

வீடு பிடித்துவிட்டது. உடனே வாங்கிவிடலாம் என்றாள் அம்மா. நான் மாட்டேன் என்றேன். அதற்குக் காரணம் என் சேக்காளி மாரி.

மாரியும் நானும் ஒரே பட்டறையில் வேலை பழகியவர்கள். அவன் ஒரு சித்திரை மாதம், நல்ல வெயிலில், ஒரு மனை வாங்கினான். சமதளமான இடம். ஒரு முள்ளு மரம்கூட இல்லை. "என்னமா சுத்தமா வச்சிருக்கான் பாரு" என்று எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினான். ஐப்பசியில் மழை பெய்தபோதுதான் தெரிந்தது, அதைச் சுத்தமாக வைத்திருந்தது தண்ணீர் என்று. கண்மாயின் உள்வாய். வருசத்தில் பாதி நாள் அங்கே தண்ணீர்தான் குடியிருக்கும். பத்திரம் கையில் இருக்கிறது. அதைத் தாலுகா ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனால், "இது நீர்நிலை. பட்டா வராது" என்கிறார்கள். யாரோ போலியாக ஒரு சர்வே எண்ணைப் போட்டு விற்றிருக்கிறார்கள்.

மாரி இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் கண்மாய் இருக்கிற பக்கம் உட்கார மாட்டான்.

அதனால் நான் ஒரு வக்கீலைத் தேடிப் போனேன். தமயந்தி என்று பெயர். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆபீஸ். அவர் ஆபீஸ் போர் மோட்டாருக்கு ஒருமுறை நான் காயில் கட்டியிருந்தேன். அந்தப் பழக்கம்.

என்னென்ன தேடினோம்

கெட்டுப்போன மோட்டார் கடைக்கு வந்தால் நான் உடனே கையை வைக்க மாட்டேன். முதலில் மோந்து பார்ப்பேன். கருகின வாடை தெரியும். பிறகு டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பேன். பிறகு பேரிங்கைச் சுற்றிக் காதால் கேட்பேன். ஒன்றில் தப்பினது இன்னொன்றில் மாட்டும். இந்த வீட்டுக்கு வக்கீலம்மா செய்ததும் அதுதான்.

முதலில் தாய்ப்பத்திரம் கேட்டார். அதாவது, விற்கிறவருக்கு இந்த இடம் எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருப்பது. சோணைமுத்து அண்ணனுக்கு அது அவருடைய அப்பா சொத்து. அப்பா இறந்த சான்று, வாரிசுச் சான்று இரண்டும் இருந்தன. வாரிசுச் சான்றில் இரண்டு பெயர். சோணைமுத்து, அவர் தங்கை பேச்சியம்மாள்.

"தங்கச்சி கையெழுத்து எங்கே?" என்றார் வக்கீலம்மா.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள். அப்பா சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு என்பதெல்லாம் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. ஆனால் சோணைமுத்து அண்ணன் அதையும் வைத்திருந்தார். தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாகத் தங்கை எழுதிப் பதிந்து கொடுத்த விடுதலைப் பத்திரம். வக்கீலம்மா இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்தது வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் ஆபீஸ் பதிவுகளில் அந்த இடத்தின் மேல் என்னென்ன நடந்திருக்கிறது என்று வரிசையாக வரும். விற்றது, அடமானம் வைத்தது, யாருக்காவது எழுதிக் கொடுத்தது எல்லாம். இப்போது போனிலேயே பார்க்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பதிந்தது மட்டும்தான் அதில் வரும். பதியாதது வராது.

பிறகு பட்டா. பத்திரம் ஒரு ஆபீஸ், பட்டா வேறு ஆபீஸ். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே சர்வே எண், ஒரே அளவு இருக்க வேண்டும். கூடவே புலப்படம், அதாவது அந்த இடத்தின் அளவுப் படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்து அளந்தேன். சரியாக இருந்தது. கண்மாய் இல்லை, கோயில் இடம் இல்லை, அரசாங்கப் புறம்போக்கு இல்லை. வீட்டு வரி ரசீது, கரண்டு பில், கோர்ட்டில் வழக்கு ஏதாவது உண்டா என்கிற தேடல், எல்லாம் ஆயிற்று.

கடைசியாக வக்கீலம்மா சொன்னார்: "அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வாங்கண்ணே."

போனேன். அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். அந்த வீட்டு மேலே சண்டை சச்சரவு உண்டா? யாராவது பங்கு கேட்டு வருவார்களா? பாதைத் தகராறு?

"சோணைமுத்து வீட்டு மேலயா? ஒரு பய ஒரு வார்த்த சொல்ல மாட்டான்ணே. தங்கமான எடம்" என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருத்தருக்கும் சண்டை இல்லை. சண்டை இல்லாத ஒரு விசயத்தை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டோம். வங்கியில் கடனுக்கு மனு கொடுத்தோம். சாவியைக்கூடச் சோணைமுத்து அண்ணன் நம்பிக்கையாகக் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியோடுதான் மாட்டுப் பொங்கல் அன்று, கடை லீவு, வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடலாம் என்று ராசுவைக் கூட்டிப்போனேன்.

பூச்சி

அந்த அம்மாதான் பேச்சியம்மாள். சோணைமுத்து அண்ணனின் தங்கை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் வாக்கப்பட்டவர். விடியும் முன்னாலேயே பஸ் ஏறி வந்திருந்தார். மாலை போட்டு, ஒரு புதுத் துண்டைக் கல்லின் மேல் விரித்து, இலையில் பொங்கல் வைத்து, சூடம் காட்டினார். எங்கள் கையிலும் ஆளுக்கொரு உருண்டை பொங்கல் வைத்தார்.

"என்னக்கா சாமி இது?" என்று கேட்டேன்.

"சாமி இல்ல தம்பி. பூச்சி."

அது ஒரு காளை. பிறந்தபோது அவ்வளவு நோஞ்சான். தாய்ப்பசு காம்பில் வாய் வைக்க விடவில்லை. வீட்டில் எல்லோரும் இது தேறாது என்று விட்டுவிட்டார்கள். பேச்சியம்மாள்தான் துணியில் பாலை நனைத்து நனைத்து வாயில் வைத்துப் பிழைக்க வைத்தாராம். அப்போது வைத்த பேர் பூச்சி. வளர்ந்து, திமில் எழும்பி, ஆள் உயரத்துக்கு நின்றபோதும் அதே பேர்தான்.

"சல்லிக்கட்டுல விட்டீகளா?" என்றான் ராசு. அவனுக்கு அந்தப் பைத்தியம் உண்டு.

"விட்டமே. எவனும் தொட முடியல."

"அம்புட்டுக் கோவமோ?"

"கோவமா! அலங்காநல்லூர்ல வாடிவாசலத் தொறந்தாக. இவன் நாலாபக்கமும் பார்த்தான். கூட்டத்தப் பொளந்துக்கிட்டு ஒரே ஓட்டம். வயக்காட்டு வழியா நேரா இங்க வந்து படுத்துட்டான். நாங்க வேன்ல வந்து சேர்றதுக்குள்ள பாதி வைக்கோலத் தின்னுட்டான். பிடிபடாத காளைன்னு சைக்கிள் குடுத்தாக. அடுத்த வருசமும் அதே ஓட்டம். பீரோ குடுத்தாக."

ராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேச்சியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை இழுத்துச் சரி செய்தார்.

பூச்சி வயசாகித்தான் செத்தது. அவருடைய அப்பா வேட்டி போர்த்தி, கொட்டு வைத்து, ஊரே கூடி நிற்க இந்த மூலையில் புதைத்தார். அந்த மாதிரிக் காளைகளுக்கு இந்தப் பக்கம் செய்கிற மரியாதை அது. மேலே இந்தக் கல். அப்பா போன பிறகு, அண்ணன் கேட்டதும் பேச்சியம்மாள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ணே, பூச்சி கெடக்குற மூலைய மட்டும் விட்டுருன்னேன். அது எப்பவும் ஒனக்குத்தேன்னுச்சு அண்ணன்."

என் கையில் இருந்த டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். ராசு சுண்ணாம்புப் பொடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பேச்சியம்மாள் இரண்டையும் பார்த்துவிட்டார். "இதுல என்ன கட்டப் போறீக தம்பி?" என்று கேட்டார்.

செப்டிக் டேங்க் என்று எப்படிச் சொல்வது?

திருப்பூருக்கு ஒரு போன்

பஸ் ஏறுமுன் சோணைமுத்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அட ஆமாண்ணே, நம்ம பூச்சி!" என்றார், ஏதோ நான் அவருடைய சின்ன வயசுச் சேக்காளியைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. "தங்கச்சி வந்திருந்துச்சா? பொங்கல் குடுத்துச்சா?"

"ஏண்ணே, எங்ககிட்டச் சொல்லலையே."

"அதையா சொல்லணும்? அது சொத்துக் கணக்குல வருமாண்ணே? அப்பா போட்டோவ மாட்டியிருக்கோம்னு வீடு விக்கிறப்போ சொல்லுவமா?"

அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது உண்மையிலேயே தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை பூச்சி அங்கே இருப்பது, முருங்கை மரத்தில் காய் காய்க்கிற மாதிரி ஒரு சங்கதி. வீடு யார் கைக்குப் போனாலும் தங்கை வருவாள், கல்லைக் கழுவுவாள், போவாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"செப்டிக் டேங்க எங்க வைப்பீக?"

"முன்னாடி போர் இருக்கு. பக்கத்துல வைக்கக் கூடாது. பின்னாடி அந்த மூலை ஒண்ணுதான் தோதா இருக்கு."

"அப்ப?"

"கொட்டகை போடுற இடத்துல வைக்கலாம்."

"கொட்டகை?"

அவள் சட்டியை விளக்கி விளக்கித் திரும்பவும் விளக்கினாள். பிறகு வெடித்தாள். "எத்தன வீடு மாறியாச்சு. செத்த மாட்டுக்கு எடம் இருக்கு. எம் பிள்ளைகளுக்கு இல்லையா?"

அவள் கேட்டது தப்பில்லை. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வீடு போனால் மறுபடி முன்பணம், மறுபடி வாடகை, மறுபடி யாரோ ஒருவர் கையில் சுவிட்சு.

வக்கீலம்மா ஆபீசில் மூன்று வழி

அடுத்த வாரம் எல்லோரும் தமயந்தி வக்கீல் ஆபீசில் கூடினோம். சோணைமுத்து அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தார். பேச்சியம்மாள் தனியாக வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் எதிரே.

வக்கீலம்மா விரலை நீட்டினார். "பத்திரப்படி இந்தம்மாவுக்குப் பங்கு இல்ல. நீங்க அப்படியே வாங்கலாம். ஆனா நாளைக்கு, இத்தனை வருசமா கும்பிட்டு வந்த இடம்னு இவங்க பிள்ளைகளோ ஊரோ கேட்டு வந்தா, கோர்ட்டு வாசல்ல நிக்க வேண்டியிருக்கும். அது ஒண்ணு. ரெண்டாவது, வேணாம்னு முன்பணத்தத் திருப்பி வாங்கிட்டுப் போயிரலாம்."

"மூணாவது?" என்றேன்.

"வாய் வார்த்தையா விட்டுர்றது" என்றார் சோணைமுத்து அண்ணன் குறுக்கே. "வீடு வாங்குற அண்ணன் நல்ல மனுசன். தங்கச்சி வருசத்துக்கு ஒருக்க வந்து கும்பிட்டுப் போகட்டும். எதுக்கு எழுத்து? எழுதினா பேங்க்ல நூறு கேள்வி கேப்பான்."

அது எனக்கும் தெரியும். பத்திரத்தில் எந்தச் சிக்கலும் இருக்கக் கூடாது என்று வங்கியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பூச்சியை எழுதினால் கடன் நிற்கலாம். கடன் நின்றால் வீடு இல்லை.

அப்போது பேச்சியம்மாள் வாயைத் திறந்தார்.

"எதுக்கு இம்புட்டுப் பேச்சு? நான் கொண்டுபோயிர்றேன்."

"எதக்கா?"

"அவன. எங்க ஊர்ல வாய்க்கா ஓரமா ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன். தோண்டினா எலும்புதேன் இருக்கும். சாக்குல கட்டிருவேன்." பிறகு என் பக்கம் திரும்பி, நிசமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்: "கண்டக்டரு பஸ்ஸுல ஏத்துவாரா தம்பி? லக்கேஜ் போட்டா விட்ருவாக இல்ல?"

சோணைமுத்து அண்ணன் தரையைப் பார்த்தார். வக்கீலம்மா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

உங்கள் அம்மாதான் எழுந்தாள். நேராகப் போய்ப் பேச்சியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏக்கா, அலங்காநல்லூர்ல அம்புட்டுப் பேரு பிடிக்க முடியாதவன, சாக்குல கட்டி பஸ்ஸுல ஏத்துவீகளாக்கும்?"

பேச்சியம்மாள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா வக்கீலம்மாவைப் பார்த்தாள். "அவன் அங்கேயே கெடக்கட்டும். பேங்க்காரன் கேள்வி கேக்காத மாதிரி ஒரு வழி சொல்லுங்க."

மூலையை வெட்டி எடுத்தது

வழி இருந்தது. அந்த மூலையை நான் வாங்காமல் விடுவது.

வீடு முழுவதையும் எழுதுவதற்கு முன்னால், அந்த மூலையை மட்டும் தனியாக அளந்து, சோணைமுத்து அண்ணன் தன் தங்கைக்குத் தானமாக எழுதிப் பதிந்து கொடுத்துவிடுவது. தெருவிலிருந்து அந்த மூலைக்குப் போகிற நடைபாதை உரிமையையும் சேர்த்து எழுதுவது. மிச்சத்தை நான் வாங்குவது. நான் வாங்குகிற இடத்துக்குள் பூச்சி இல்லை. வங்கிக்கும் கேள்வி இல்லை.

"ஆனா நாள் ஆகும்ணே" என்றார் வக்கீலம்மா. "சர்வேயர் வரணும், உட்பிரிவு பண்ணணும், புலப்படம் மாறணும், பேங்க்ல மறுபடி காகிதம் போடணும்."

சோணைமுத்து அண்ணன் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "அவதேன் எல்லாம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாளே. இப்ப திருப்பி எழுதினா ஊர்ல என்ன நெனப்பாக?"

"ஒனக்கு மனசில்லைன்னா விடுண்ணே" என்றார் பேச்சியம்மாள். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதற்குமேல் அண்ணன் முரண்டு பிடிக்கவில்லை. சர்வேயர் வருவதற்குப் பணம் கட்டியதே அவர்தான்.

நாள் ஆனது. சித்திரை வந்தது. மாடி வீட்டுக்காரருக்குச் சொன்னபடி போர்ஷனைக் காலி செய்தோம். சாமான்களை ராசு வீட்டு முன் அறையில் அடுக்கினோம். நீங்கள் இரண்டு பேரும் மாமா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனது அந்த மாதங்களில்தான். பாண்டி, "நம்ம வீடு எப்பப்பா வரும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாய். வீடு தாமதமானது ஒரு காளையால் என்று உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ இன்னும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாய்.

பெயர் போடுங்கள்

பதிவு அன்று சார்பதிவாளர் ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். முதலில் தங்கைக்கு எழுதியது. பிறகு எனக்கு எழுதியது. சொத்து விவரத்துக்கு வந்தார். நான்கு எல்லை. கிழக்கில் இன்னார் வீடு. மேற்கில் நடைபாதை. வடக்கில் தெரு.

"தெற்கில், பேச்சியம்மாள் பாத்தியத்திலுள்ள காளைச் சமாதி" என்று நிறுத்தினார். "சரிதானே?"

"அவன் பேரு இல்லையே" என்றார் பேச்சியம்மாள்.

"யாரு பேரு?"

"பூச்சி."

பத்திர எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "ஆத்தா, பத்திரத்துல மாட்டுக்கெல்லாம் பேரு போட மாட்டோம்."

"எங்க அண்ணன் பேரு போட்டிருக்கீக. எம் பேரு போட்டிருக்கீக. அங்கன கெடக்குறது அவன் ஒருத்தன்தேன். அவன் பேரு வேணாமா?"

"அதுவும் பூச்சின்னு எழுதினா, படிக்கிறவன் கரையான் பிடிச்ச எடமோன்னு நெனப்பான்!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். சோணைமுத்து அண்ணனும்தான். ஆனால் அவர்தான் சிரிப்பை முதலில் நிறுத்தினார். "எழுதுங்கய்யா" என்றார். "எங்க அப்பா கூப்பிட்ட பேரு. 'பூச்சி என்கிற காளை'ன்னு தெளிவா எழுதுங்க. கரையான்னு எவன் நெனப்பான்?"

பத்திர எழுத்தர் வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா தலையாட்டினார். ஒரு தாளை மட்டும் திரும்ப அடித்துக்கொண்டு வந்தார்கள்.

கைரேகை வைத்து, போட்டோ எடுத்து வெளியே வந்தபோது, பேச்சியம்மாள் தன் பெயரில் பதிவான பத்திரத்துக்கான ரசீதை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "ஒரு கட்டிலப் போட்டா நெறஞ்சு போற எடம்" என்று அம்மாவிடம் சொன்னார். "அதுக்கு இம்புட்டுக் காயிதம்!" அப்புறம் ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். அதுதான் அவர் பெயரில் அவருக்கு இருக்கிற முதல் நிலம் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவருக்குத் தோன்றியதா, தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

இப்போது

தகரக் கொட்டகை வரவில்லை. அந்த இடத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறது. கடைக்கு இன்றைக்கும் வாடகைதான் கொடுக்கிறேன். அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மழை நாளில் சமயநல்லூரிலிருந்து நனைந்துகொண்டே வண்டியில் கடைக்குப் போகும்போது கொஞ்சம் வருத்தம் உண்டு.

மோட்டார் சுவிட்சு அடுப்படி வாசலில், அம்மா கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. துவைகல் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டோம். அது அவ்வளவு வழவழப்பு இல்லை என்று அம்மா இன்னமும் சொல்கிறாள்.

மாட்டுப் பொங்கல் அன்று பேச்சியம்மாள் அக்கா வருவார். யாரையும் கேட்பதில்லை. நடைபாதை வழியாக நேராகப் போவார். கல்லைக் கழுவுகிற சத்தம் கேட்டால் அம்மா உள்ளே இருந்து, "வந்துட்டீகளாக்கா? காப்பி போடவா?" என்பாள். இரண்டு வருசமாக அக்காவுக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. அம்மாதான் கல்லைத் தேய்க்கிறாள். அக்கா பக்கத்தில் நின்று, "காதுக்குப் பின்னாடி நல்லாத் தேயி செல்வி" என்கிறார். கல்லுக்கு எது காது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரம் கல்லூரிப் படிப்புக் கடனுக்கு வீட்டு வில்லங்கச் சான்று வேண்டும் என்று கயல் போனில் எடுத்தாள். நான் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தேன். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே வந்தாள். பதிவு எண், சர்வே எண், எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். எல்லை விவரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா, இதுல நம்ம பூச்சி இருக்கு!"

"இருக்கும்."

"அரசாங்கக் காகிதத்துலயா?"

"ஆமா."

அவள் திரும்ப ஒருமுறை, கொஞ்சம் சத்தமாக, அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "தெற்கு: பேச்சியம்மாள் பாத்தியத்திலுள்ள பூச்சி என்கிற காளையின் சமாதி."

நீங்கள் இந்த வீட்டில் இருந்தாலும் சரி, ஒருநாள் விற்றுவிட்டுப் போனாலும் சரி. அடுத்து வாங்க வருகிறவர் முதலில் இதைத்தான் எடுத்துப் பார்ப்பார். யார் இந்தப் பூச்சி என்று உங்களைக் கேட்பார்.

வாடிவாசலைத் திறந்ததும் நேராக வீட்டுக்கு ஓடி வந்தவன் என்று சொல்லுங்கள்.